ஒன்பது சாமான் சோஸ்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் ஒரு பார்பிக்யூ சாஸ் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் கோழியில் எட்டுத் துண்டு மிச்சம். ஆறு தட்டுத் தட்டியும் ஒரு சொட்டுதான் விழுந்தது. பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். காலாவதியாக இன்னும் இருபது நாள் இருந்ததில் ஒரு நிம்மதி. உள்ளே போட்ட சாமான்களை எண்ணினேன். பதினேழு! பாதி மருந்துக்கடைப் பெயர்கள்.

"நான் ஒம்போதுலயே செஞ்சவன்."

"தெரியும்ப்பா. அப்ப நான் அம்மா வயித்துல இருந்தேன்" என்று சிரித்தாள்.

மூக்கில் ஏறிய அந்த வினிகர் வாசனை என்னை முத்தியால்பேட்டை வாடகை வீட்டில் கொண்டுபோய் விட்டது. என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்; ஊரில் அவர்களைச் சொல்தா என்போம். அவர் மகள் மரி என்னைக் கட்டிக்கொண்டதில் அவருக்கு இரண்டு குறை. நான் வேறு மதம், அதிலும் மில் குமாஸ்தா. மரி உண்டான பிறகு, ஞாயிறு பூசை முடிந்ததும் நீள ரொட்டி ஒன்றோடு வருவார். வாசலோரம் போட்ட நாற்காலியைத் தாண்ட மாட்டார், தண்ணீர்கூடத் தொட மாட்டார். என்னிடம் பேசுவதெல்லாம் மரி வழியாகத்தான். "உன் வூட்டுக்காரங்கிட்ட சொல்லு, சைக்கிள்ல காத்து இல்ல." நான் பக்கத்திலேயே நிற்பேன். இப்படிப் பதினோரு ஞாயிறு. வெளியே அலட்டிக்கொள்ளாத மரி, அவர் போனதும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

பன்னிரண்டாவது ஞாயிறு, முந்தின நாள் ஆட்டுக்கறியில் பதினாலு துண்டு மிச்சம். இரண்டு முறை சுட வைத்ததில் செருப்புத்தோலாகிவிட்டது. மசக்கைக்காரி அதைப் பார்த்துவிட்டு, "அப்பா லீவுல வந்தா கரியில சுட்டு ஒரு சோஸ் ஊத்துவாரு. அது வேணும்" என்றாள். சாஸுக்கு அவர்கள் வீட்டுப் பிரெஞ்சுப் பெயர் சோஸ். அதில் என்ன இருக்கும் என்று கேட்டால், "செவப்பா இருக்கும்" என்றாள். இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வது?

தக்காளி, சின்ன வெங்காயம், பூண்டு மூன்றையும் கரியடுப்பில் தோல் கருகச் சுட்டு, காய்ந்த மிளகாயோடு அம்மியில் நசுக்கினேன். பனைவெல்லம், கடுகு, உப்பு, ஊறுகாய்க்கு வைத்திருந்த வினிகர். எட்டு ஆயிற்று. ருசி பார்த்தேன், மொட்டையாக இருந்தது. டப்பாக்களைத் துழாவி ஒரு தாளிப்பு வடக உருண்டை எடுத்துப் பொரித்துப் போட்டேன். ஒன்பது. எண்ணெயை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

கறியைப் போட்டுப் புரட்டும்போது மாமனார் வந்துவிட்டார். உட்காரவில்லை.

"இன்னா வாசன இது?"

"சோஸுப்பா. அவுரு செஞ்சாரு."

"அவனா? கொண்டா, உப்பு இருக்குதா பாப்போம்."

ரொட்டியைப் பிய்த்துத் தொட்டார். மறுபடியும் தொட்டார். ஒரு மனிதர் உப்புப் பார்க்க ஐந்து முறை தொட்டதை நான் அன்றுதான் கண்டேன். ஐந்தாவதில் மெல்லுவது நின்றது.

"இது எங்க வூட்டு வடகமாச்சே. எப்புடி இங்க வந்துச்சு?"

மரி தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார் அவருக்குத் தெரியாமல் மாதாமாதம் கொடுத்தனுப்பி வந்தது அன்று வெளியானது. கத்தப் போகிறார் என்று பயந்தேன். அவர் சட்டியை உற்றுப் பார்த்தார்.

"வடகம் எங்க வூடு. ரொட்டி நான் வாங்கியாந்தது. அப்ப இது எங்க வூட்டு சாப்பாடுதான்."

நாற்காலியைத் தூக்கிவந்து மேசையோரம் போட்டுக்கொண்டார். ஒன்பதில் எட்டு என்னுடையவை. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை கணக்குச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டேன். பதினாலு துண்டில் ஒன்பதை அவர் தின்றார். தட்டை நீட்டியபோது மரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "மாப்ள, சோஸ் இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

அந்த 'ங்க'வை எந்த மெடலுக்கும் மாற்ற மாட்டேன்.

போன ஞாயிறும் எழுந்துபோய்ச் செய்தேன். கேஸை மூன்று முறை சரிபார்த்துவிட்டுத்தான். கரிக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. மாமனாரும் அவர் ரொட்டி வாங்கிய கடையும் போய் வெகுகாலமாகிறது. மாமியாருக்குப் பிறகு அந்த வடகத்தை உருட்டியவள் மரி. அவள் போய் நாலு வருஷம். கடைசி உருண்டையைப் போன தைமாதம் தீர்த்தோம்.

மகள் ரொட்டியைத் தொட்டுத் தின்றாள். மறுபடியும் தொட்டாள்.

"சூப்பரா இருக்குப்பா. ஆனா என்னமோ ஒண்ணு கொறையுது."

"ஒண்ணுதான்" என்றேன்.