பேய்க்கு மதிப்புப் போன வீடு

கதவு கிறீச்சிடும் இடம் வந்ததும் தர்மசந்திரன் வாசிப்பதை நிறுத்திவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். கதையில் மாடி அறையில் அடைபட்ட பெண்ணின் கதி தெரியாமல், எதிரே அவர் மனைவி சந்திரகாந்தா முறத்தில் மல்லாட்டைக் கடலை உரிக்கும் கையை நிறுத்திக் காத்திருப்பாள். இருட்டுமுன் சாப்பாட்டை முடித்துவிடும் ஜைனக் குடும்பம். அதற்குப் பிறகு அவளுக்கு உள்ள ஒரே விருந்து, வாரப் பத்திரிகையில் வரும் பேய் பங்களாத் தொடர்கதைதான்.

"பேயி வருமான்னு பாத்துக்கினு இருக்காத. சாவி யாரு கையில இருக்குதுன்னு பாரு," என்பார் தர்மசந்திரன்.

முன்பு இவர் இப்படி இல்லை. திண்டிவனத்தில் இங்கிலீஷ் வாத்தியார். விழுப்புரம் ஜங்ஷனில் கிடைக்கும் பேய்க்கதைகளையெல்லாம் வாங்கிவந்து, குரலைத் தாழ்த்தி வாசித்து, தானே வெலவெலத்துப்போய், கொல்லைப்பக்கம் போக மனைவியை அரிக்கன் விளக்கோடு துணைக்குக் கூப்பிட்ட உத்தமர். அந்த மனிதரைச் சந்திரகாந்தாவுக்கு மிகவும் பிடித்திருந்தது.

பிறகு பிரைவேட்டாக எம்.ஏ. எழுதினார். பாழடைந்த மாளிகை, பூட்டிய அறை, ஓயாத மழை, இவையெல்லாம் வரும் கதைகளுக்கு இங்கிலீஷில் 'காதிக்' என்று பெயராம். அதைக் கரைத்துக் குடித்தபின் அந்த வீட்டில் பேய்க்கு மதிப்புப் போய்விட்டது. பேய் வெறும் சாக்கு. வீட்டு எஜமானன் யாரையோ அடைத்துவைத்துவிட்டு ஊருக்குப் பேய்க்கதை சொல்கிறான் என்று தெளிந்துவிட்டார். கூட்டேரிப்பட்டுப் புளியமரத்தில் எதையோ பார்த்துக் காய்ச்சலோடு வந்த சக வாத்தியார் வேங்கடேசனிடம், "அந்த மரம் யாரு சொத்து?" என்று விசாரித்தார். இப்போதெல்லாம் டீக்கடையில் இவரைக் கண்டால் வேங்கடேசன் வேறு பெஞ்சு பார்த்துக்கொள்கிறார்.

ஞானம் முற்றியதும் பத்திரிகைகள் பீரோவுக்குள் போயின. ஆராய்ச்சிக்கு வேண்டுமாம். சந்திரகாந்தா எட்டாவது வரை படித்தவள். பத்திரிகையைத் தன் கையில் வைத்துப் படிக்க ஆசைப்பட்டாள்.

"நீ படிச்சா வெறும் கதையாத்தான் படிப்ப. நானே எக்ஸ்ப்ளெயின் பண்ணிச் சொல்றேன்," என்று பெரிய மனசு பண்ணினார். விளக்கம் தாராளமாகக் கிடைத்தது. கதை மட்டும் கிடைக்கவில்லை.

போன வாரம் கடைசி அத்தியாயம் வந்தது. அடைபட்டவளுக்காகச் சந்திரகாந்தா மழைக்காலம் முழுக்கக் கவலைப்பட்டுக் கிடந்தவள். தர்மசந்திரன் வாசித்துக்கொண்டே வந்து, கதவு திறக்கும் இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தப் பொண்ணு வெளிய வந்தாளா இல்லியாங்க?"

"அதுவா முக்கியம்? முடிவெல்லாம் சப்புனு இருக்கும்," என்றவர் எழுந்து, பத்திரிகையைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

"எனக்கு முக்கியங்க. அவள நெனச்சி மனசு அடிச்சிக்கினு கெடக்குது."

"இவ்ளோ சொல்லியும் நீ கதையிலயே நிக்கிற. எசமான் என்னா பண்றான்னு கவனி."

சந்திரகாந்தா முறத்தைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தது. குரல் மட்டும் ஏறவில்லை.

"கவனிச்சிக்கினுதாங்க இருக்கேன். நம்ம வூட்டுல சாவி யாரு கையில இருக்குது?"

தர்மசந்திரன் சிரிக்கத்தான் பார்த்தார். அதற்குள் அவருடைய கை தானாக இடுப்புக்குப் போய்ச் சாவியைப் பொத்திக்கொண்டது.