பப்பாளிப் பால் விட்ட கட்டிகள்

அன்று காலை, எங்கள் தீவின் தெற்கே சுரினாம் கிராமத்தில், எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்கள் நால்வர்: நான், என் மனைவி, கரும்புத் தோட்ட முதலாளியின் பெரிய வீட்டில் சமைக்கும் அவளுடைய அக்கா, பக்கத்து ஊரான ரிவியேர் தே ஸாங்கீயிலிருந்து தவணைப் பணம் கேட்டு வந்த ஆட்டு வியாபாரி. அவர் கையில் கயிறும் இருந்தது. பணம் இல்லையென்றால் எங்கள் இரண்டு பால் ஆடுகளும் அவரோடு போய்விடும்.

என்னிடம் காசில்லை. பலகை நிறைய ஆட்டுப்பாலில் செய்த பாலாடைக்கட்டிதான் இருந்தது. ஈஸ்டருக்குப் பழுத்திருக்க வேண்டும் என்று பெரிய வீட்டில் சொல்லிவைத்தது அது. கொடுத்த பிறகுதான் காசு.

இடப்பக்கம் இருந்தவற்றை அக்கா சொன்னபடியே செய்திருந்தோம். பால்குடிக் குட்டியின் வயிற்றை உலர்த்தி, உப்புநீரில் ஊறவைத்து, அந்த நீரை விட்டு உறையவைத்தவை. அதற்குள் காவடி விரதம் வந்துவிட்டது. நேர்ந்திருந்த என் மனைவி, "குட்டி வயிறு வாசப்படி தாண்டக்கூடாது" என்றாள். பப்பாளிக்காயைக் கீறி, வடிந்த பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஆட்டுப்பால் கண்ணெதிரே உறைந்தது; அவைதான் வலப்பக்கத்துக் கட்டிகள். அவள் சிரித்தாள், எனக்குத் தூக்கம் போயிற்று. கிழட்டுக் கிடாவின் கறியையே கரைக்கிற பப்பாளி கட்டியைச் சும்மா விடுமா? பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன்தான் நான். ஆனால் கவலைப்படப் பள்ளிக்கூடம் வேண்டாமே. தினமும் விரலால் அழுத்திப் பார்த்தேன். இடப்பக்கம் இறுகிக்கொண்டே போக, வலப்பக்கம் இளகிக்கொண்டே வந்தது.

அன்றைக்கு என் கட்டைவிரல் வலப்பக்கக் கட்டி ஒன்றின் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளேயே போய்விட்டது. ஆடு போயிற்று என்றே நினைத்தேன்.

"அழுத்தியே கொன்னுட்டாரு, அக்கா" என்றாள் மனைவி.

"கத்தியக் கொண்டா" என்றாள் அக்கா.

முதலில் குட்டிவயிற்றுக் கட்டியை அறுத்தாள். வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. "இது இன்னும் தூங்குது. ஈஸ்டருக்கு எழுந்துக்கும்." அடுத்து பப்பாளிக் கட்டி. கத்தி பட்டதும் நடு வயிறு வழிந்து பலகையில் ஓடியது. அக்கா விரலால் வழித்து வாயில் வைத்தாள்.

"வெண்ணெயே தோத்துடும், தம்பி. கடைசியில ஒரு துளி கசப்பு. இன்னும் ரெண்டு நாள் வச்சா பாவக்காய்தான். இன்னைக்கே போகணும்."

"ஈஸ்டருக்குத்தானே கேட்டாங்க?"

"ஈஸ்டருக்கு முந்தின கரேம் நோன்பு நடக்குது, பெரிய வீட்டு மதாம் கறி தொடறதில்ல. மேசையில என்ன வைக்கிறதுன்னு நானே முழிச்சிட்டிருந்தேன். உங்க விரதம் பெரிய வீட்டு விரதத்துக்குச் சோறு போடுது."

வலப்பக்கத்துக் கட்டிகள் அத்தனையையும் கூடையில் அடுக்கிக்கொண்டு, பெரிய வீட்டுச் சமையல் செலவுக்கு வைத்திருந்த முடிப்பை அவிழ்த்தாள். எட்டு ரூபாய். வாங்கி அப்படியே வியாபாரியிடம் நீட்டினேன், ஒரு காசு கீழே விழுந்தது.

வியாபாரி குனிந்து அதை எடுத்தார். கத்தியில் ஒட்டியிருந்ததையும் வழித்து நக்கினார். "வருஷம் பூராவும் காவடி எடும்மா" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு, வெறுங்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டார்.

இடப்பக்கத்துக் கட்டிகள் ஈஸ்டர் வரை தூங்கட்டும். அவற்றை விற்றுத்தான் மிச்சத்தைக் கொடுக்க வேண்டும். ஆட்டுக்காரருக்குப் பாக்கி ஆறு ரூபாய்.