முள் எங்கே நின்றது?

குணரத்தினம் அண்ணையின் மருமகன் இணுவிலிலிருந்து சைக்கிளில் வந்து, சாவகச்சேரியில் என் வீட்டுப் படலையடியில் நின்றபடியே சொன்னார்: "மாமா விடியப்புறம் மோசம் போயிட்டார்." நான் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு அப்படியே நின்றேன். செத்தவீடு முடிந்ததும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி மருமகன் கேட்டார். அண்ணையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவது எனக்குச் சிரமமில்லை. ஆனால் அவரை அறிந்த உங்களிடம் ஒன்றை மறைத்துக்கொண்டு எழுத மனம் வரவில்லை.

சுன்னாகத்தில் பதினைந்து வருடம் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் றேடியோ திருத்தினோம். சந்தைக்கு வருகிற வெங்காயக்காரருக்கெல்லாம் அவருடைய வாய் தெரியும். "உம்மடை றேடியோவுக்கு வருத்தமில்லை, நீர் கேக்கிற பாட்டுக்குத்தான் வருத்தம்" என்பார்.

எழுபதுகளில் வெளிநாட்டுச் சாமான்கள் வராமல் நின்றபோது, பழைய றேடியோக்களைக் கழற்றி அந்தப் பெட்டியைச் செய்தார். ஒரு பற்றறி, இரண்டு திரான்சிஸ்டர், உடைந்த மீற்றரின் முள், இரண்டு விரல்களில் கட்டப் பித்தளைத் தகடுகள். மனம் பதறினால் விரல் வியர்க்கும், வியர்த்தால் மின்சாரம் கூட ஓடும், முள் ஏறும். முதலில் குமிழைத் திருகி முள்ளை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும், பிறகுதான் கேள்வி. குமிழும் முள்ளும் என் பொறுப்பு. கேள்வி அவருடையது. ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சியில் வைத்ததோடு அதற்குப் 'பொய் பிடிக்கிற மிசின்' என்று பெயர் பரவிவிட்டது. "உது பொய்யைப் பிடிக்காது, வேர்வையைத்தான் பிடிக்கும்" என்று அவர் சொன்னதை யாரும் காதில் போடவில்லை.

வடகரையில் ஒரு மீனவ ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அங்கே வேலாயுதம் என்பவன் தன் தங்கை பூமணியின் கணவனோடு வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்த் தனியே திரும்பியிருந்தான். மச்சானை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்றான். கோயிலில் கர்ப்பூரம் அணைத்துச் சத்தியமும் செய்தான். கணவன் வீட்டார் நம்பவில்லை. அண்ணை முதலில் மறுத்தார். பிறகு வேலாயுதமே வந்து அவர் கையைப் பிடித்தான். "ஐயா, உங்கடை மிசினாவது சொல்லட்டும். தங்கச்சி என்ரை முகத்தைப் பாக்கிறாளில்லை." அதன்பின் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

ஒரு மத்தியானம் கோயில் வீதியில் ஊரே கூடியது. சத்தியத்துக்குப் போகிறவன் போல வேலாயுதம் கடலில் முழுகி, வெயிலில் காய்ந்து, திருநீற்றோடு வந்தான். தகடுகளைக் கட்டினோம்.

"பூமணியின்ரை மனிசனை நீர் கடலிலை விட்டிட்டு வந்தனீரோ?"

"இல்லை ஐயா."

அண்ணை என் பக்கம் திரும்பினார். "முள் எங்கை நிக்குது?"

"மேலை" என்றேன்.

பூமணி எழும்பி வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அந்தக் கிழமையே வேலாயுதம் ஊரைவிட்டுப் போனான். எங்கே என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து, அண்ணை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு மாங்காய் தின்ற கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு அந்தத் தகடுகளைத் தொட்டார். முள் கடைசிவரை பாய்ந்தது. மாங்காயைக் கீழே வைத்தார். "அவன் கடலிலை முழுகிப்போட்டெல்லோ வந்தவன்" என்றார்.

அன்றே பஸ் ஏறினோம். பூமணியின் வாசலில் நின்று, "பிழை என்ரை, பிள்ளை. அது உப்புக்கு ஏறின முள்" என்றார். பூமணி அவரைக் கேட்டாள்.

"அப்ப நான் என்ரை அண்ணைக்கோ கதவைச் சாத்தினனான்?"

அந்தக் குரல் அவரை விடவேயில்லை. வருடந்தோறும் முல்லைத்தீவு, மன்னார் என்று மீனவர் தங்கும் வாடி வாடியாக வேலாயுதத்தைத் தேடினார். கடைக்குள் யாராவது மீன் மணத்தோடு வந்தால் வேலையைப் போட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பார். அவன் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்டார். "நான் கேள்வி கேக்க முன்னம் முள் எங்கை நிண்டது? நடுவுக்கு வந்ததோ?"

"ஞாபகமில்லை அண்ணை" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு மறுபடி வேலையில் குனிந்தார். பிறகு கேட்கவேயில்லை. கேட்டவர்களிடமெல்லாம் பிழை தன்னுடையது என்றே சாகும்வரை சொன்னார்.

செத்தவீட்டன்று மருமகன் பெட்டியை என்னிடமே தந்துவிட்டார். பற்றறி இல்லை. ஆனாலும் அந்த முள்ளைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. அவருடையதாக என்னிடம் இருப்பவை இந்தப் பெட்டியும் அந்தக் கேள்வியும்தான்.

அண்ணை, குமிழை முழுக்கத் திருகியும் முள் இறங்கவில்லை. நீங்கள் வாய் திறக்க முன்னமே அது மேலேதான் நின்றது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் மிசின் பழுது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.