காலியாகக் கிடந்த க்யூ

கிராபிக்ஸ் கார்டுக்குப் புரோகிராம் எழுதுகிறவன் என்று வெளியே சொல்லிக்கொள்ளவே கூடாது. சொன்னால் கல்யாண வீட்டில்கூட யாராவது ஃபோனை நீட்டி, "கேம் ஹேங் ஆகுது, கொஞ்சம் பாருங்க" என்பார்கள். இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? விளையாட்டுக்கென்று வந்த கார்டுகளை ஆயிரக்கணக்கில் அடுக்கித்தான் இன்று சூப்பர் கம்ப்யூட்டர் கட்டுகிறார்கள். எங்களுக்கு வாய்த்த சூப்பர் கம்ப்யூட்டரில் மூன்று கம்பெனிக் கார்டுகள். ஒன்றுக்கு எழுதியது இன்னொன்றில் ஓடாது. ஓட வைப்பதுதான் என் பிழைப்பு.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். நான், கோவளத்திலிருந்து பஸ்ஸில் வரும் நஸ்ரீன், மேனேஜர் ராஜசேகர் சார், மொத்தமே மூன்று பேர். கடலில் நாளைக்கு அலை எவ்வளவு உயரம் என்று கணிக்கும் புரோகிராம் எங்கள் கையில். அது மூத்த கம்பெனியின் கார்டில் மட்டும்தான் ஓடியது. தீபாவளிக்கு முந்தின திங்கட்கிழமைக்குள் வேறு ஏதாவதொரு கார்டில் ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டார் கஸ்டமர் வானதி மேடம். முடியாவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவார்கள். நஸ்ரீன் பெங்களூருக்குப் போக வேண்டும், நான் பழையபடி ஹெல்ப்டெஸ்க்கில் ஃபோன் எடுக்க வேண்டும்.

பனைமர அலை

மூத்த கம்பெனிக் கார்டு கணக்குகளை முப்பத்திரண்டு முப்பத்திரண்டாகப் பந்தியில் உட்கார வைக்கும். இரண்டாவது கம்பெனிக்கு ஒரு பந்திக்கு அறுபத்து நான்கு இலை. எங்களுக்கு முன்னால் எழுதிய புண்ணியவான் புரோகிராம் நெடுக 32, 32 என்று கையாலேயே எழுதி வைத்திருந்தார். அதை அப்படியே இரண்டாவது கார்டில் ஓட்டியதில் பாதிப் பந்திக்குத்தான் பரிமாறினோம். மீதி இலைகளில் கிடந்த குப்பையையும் சேர்த்துக் கூட்டி, கோவளத்தில் நாற்பத்தோரு மீட்டர் அலை என்றது மெஷின்.

தப்பு எங்களுடையதுதான் என்று தெரிந்தும் நஸ்ரீனுக்கு மனசு கேட்கவில்லை. அங்கே படகு வைத்திருக்கும் தன் மாமாவுக்கு ஃபோன் போட்டு, கடல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஸ்பீக்கரில் பதில் வந்தது. "குளம் மாதிரி கீது. ஆமா, நீ மத்தியானம் சாப்ட்டியா இல்லியா?"

ஏழாவது தசமம்

32-ஐ எல்லா இடத்திலும் தேடிப்பிடித்து எடுத்தோம். 'ஒரு பந்திக்கு எத்தனை இலை?' என்று கார்டிடமே கேட்டுக்கொள்ளும்படி மாற்றினோம். அலை ஒழுங்காக இறங்கியது. ஆனால் வானதி மேடம் பழைய விடையையும் புதிய விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஏழாவது தசமத்தில் வித்தியாசம். கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கம் கொஞ்சம் அசையும் என்று நான் தொண்டைத் தண்ணி வற்றச் சொல்லியும் மசியவில்லை.

கடைசியில் நஸ்ரீன் ஒரு காரியம் செய்தாள். பழைய கார்டிலேயே, மேடத்தின் கண்முன்னால், இரண்டு தரம் ஓட்டினாள். இரண்டு விடைக்கும் ஏழாவது தசமம் ஒத்துப்போகவில்லை. மேடம் திரையையே பார்த்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "இத்தனை வருஷமா இந்தப் பழைய கார்டு ஒருத்தனாவது என்கிட்ட ஒழுங்கா இருக்கான்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தேன்!"

மைக் போட்டுச் சொன்னவன்

சூப்பர் கம்ப்யூட்டர் இருப்பது வேறு ஊரில். வேலையை இங்கிருந்து அனுப்பிவிட்டு க்யூவில் காத்திருக்க வேண்டும். மூத்த கார்டுப் பக்கம் எப்போதும் மூன்று நாள் கூட்டம். இரண்டாவது கார்டுப் பக்கம் ஈ காக்காய் கிடையாது, யாருக்கும் அதில் எழுதத் தெரியாது. நாங்கள் அனுப்பினால், கீழே பேக்கரியிலிருந்து டீ வருவதற்குள் விடை வந்துவிடும். எனக்கு அந்த நாட்களில் கால் தரையில் பாவவில்லை.

சந்தோஷம் வந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. நாங்கள் மாற்றிய விதத்தைப் பன்னிரண்டு பக்கக் கையேடாக எழுதி, அந்த மெஷினைப் பயன்படுத்தும் அத்தனை பேருக்கும் மெயிலில் அனுப்பினேன். ராஜசேகர் சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்ப்பா, மீன் படற இடத்தை எவனாவது மைக் போட்டுச் சொல்லுவானா?"

எண்பத்தேழாவது ஆள்

திங்கட்கிழமை டெமோவுக்கு ஒரு மாத அலையை முழுசாக ஓட்ட வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அனுப்பினேன். எனக்கு முன்னால் எண்பத்தாறு பேர். மெஷின் இருக்கும் இடத்துக்கு ஃபோன் செய்தால், எடுத்த பெண் நம்ம பக்கத்து அஸ்தினாபுரம்தானாம். நான் யார் என்று தெரியாமல் ஆறுதல் சொன்னாள். "செவ்வாய்க்கிழமைக்கு முன்னாடி சான்ஸே இல்ல சார். எவரோ ஒருத்தர் சூப்பரா ஒரு கையேடு எழுதிட்டாராம், எல்லாரும் இங்கதான் வந்து நிக்கிறாங்க."

யாரும் தொடாத மூலை

ஃபோனை வைத்தபோது நஸ்ரீன் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "அண்ணா, மூணாவது கம்பெனி கார்டு ஒரு மூலையில இருக்கே, அதுல யார் நிக்கிறாங்க?" என்றாள். ஒருவரும் இல்லை! அதற்கு ஒரு பந்திக்குப் பதினாறே இலை. எங்கள் புரோகிராம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளுமே. அங்கங்கே நாலு ஒட்டுப் போட்டோம். சனிக்கிழமை மத்தியானம் ஓடத் தொடங்கியது, ஞாயிற்றுக்கிழமை முடிந்தது.

திங்கட்கிழமை வானதி மேடம் பார்த்தார். வேறு ஏதாவதொரு கார்டு என்றுதானே கேட்டிருந்தார்? ஆறு தசமம் வரை பார்த்துவிட்டு, ஏழாவதைத் தானே கையால் மறைத்துக்கொண்டு, "குழு அப்படியே இருக்கட்டும்" என்றார். நஸ்ரீன் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். எனக்குக் கண் கலங்கியதை நான் ஏன் மறைக்க வேண்டும்? ராஜசேகர் சார் மட்டும் என் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "இதுக்கும் கையேடு எழுதுனே, கையை ஒடிச்சுடுவேன்."

எழுதாமல் இருக்க முடியுமா, பதினோரு பக்கம் வந்துவிட்டது. அடுத்த டெமோவும் முடியட்டும் என்றுதான் அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.