அப்பாத்துரை செய்த மூன்று பெட்டிகள்

ஹெப்சிபா டீச்சரின் மாமனாருக்குக் குழி தோண்டிய அன்றுதான் வம்பே ஆரம்பித்தது. பெண்டாட்டி படுத்திருக்கும் குழியிலேயே தன்னையும் வைக்கவேண்டும் என்று பெரியவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். முதல் பெட்டி மக்கி மண்ணாகியிருந்தால், பாளையங்கோட்டையில் அவர்கள் சபையில் அது வழக்கம்தான். ஆனால் மண்வெட்டி பாதி ஆழத்தில் ‘டங்’கென்று நின்றுவிட்டது. மாமியாரின் தேக்குப் பெட்டி அத்தனை வருஷத்துக்குப் பிறகும் மினுக்கு கலையாமல் கிடந்தது! காசைக் கொட்டிச் செய்த பெட்டியாச்சே, சும்மா மக்கிப்போகுமா? பெரியவரை மதிலோரமாக வேறு குழியில் வைத்தார்கள்.

டீச்சரின் கணவர் அப்பாத்துரை, தபாலாபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்தவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு நாள் பேட்டைக்குப் போய் எலவம் பலகையோடு வந்து இறங்கினார். தீப்பெட்டிக்கு அறுக்கிற மெத்தென்ற மரம்.

“என்னத்துக்கு இது?”

“எனக்குப் பெட்டி. ஏட்டி, நான் சுருக்கா மண்ணானாத்தான் உனக்கு எடம் கெடைக்கும். இல்லேன்னா உன்னக் கொண்டுபோய் எந்த மூலையில வைப்பாங்களோ!”

“நல்லா இருக்கு பேச்சு! சவப்பெட்டிய வீட்டுல வச்சுக்கிட்டு நான் எப்படிச் சோறு பொங்க?” என்று டீச்சர் கத்தினார். கத்தினாரே தவிர, அடுப்படிக்குள் போனதும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்ததே கிடையாது.

ஆணி கிடையாது, மூங்கில் குச்சியைச் சீவி அடித்தார். வார்னிஷ் கிடையாது. கைப்பிடிக்குப் பனைநார்க் கயிறு, உள்ளே விரிக்க ஒரு கோரைப்பாய். தச்சு வேலை சுட்டுப்போட்டாலும் வராத மனுஷன், கட்டைவிரலை நசுக்கிக்கொண்டு ஒருவழியாக முடித்தார். பின்கட்டில் வைத்தார். மறு வருஷம் கறையான் அதைத் தின்று தீர்த்தது. இரண்டாவதைக் கயிறு கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டார். அதை வண்டு துளைத்து, ரவை மாதிரி மாவாகக் கொட்டியது.

“எங்கள்ல எரிச்சுட்டு, ஆத்துல முங்கிட்டு வந்துருவோம். உங்க சாரு என்னா பாடு படுதாரு!” என்று பக்கத்து வீட்டுச் சொர்ணாம்பாள் வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தாள்.

“ரெண்டு பெட்டி மண்ணாப் போயிட்டு, நீங்க குத்துக்கல்லாட்டம் இருக்கீங்க” என்றார் டீச்சர்.

“அப்ப நல்ல மரந்தான்!” என்றார் அப்பாத்துரை. சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு.

மூன்றாவது பெட்டிக்கு டீச்சரே கயிறு திரித்தார். காய்ந்த வேப்பிலையை உள்ளே நிரப்பி, செங்கல் அடுக்கி, அதன்மேல் ஏற்றி வைத்தார். வரப்போகிற சாவை நினைக்காமல், ஏதோ மகள் கல்யாணத்துக்குச் சாமான் சேர்க்கிற மாதிரி இரண்டு பேரும் அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ஒரு காலை, இட்லி சாப்பிட்டு எழுந்த அப்பாத்துரை அப்படியே சாய்ந்துவிட்டார். மெட்ராசிலிருந்து ஓடிவந்த மகன் ஜாபேஸ் பாலிஷ் போட்ட பெட்டிக்குச் சொல்லிவிட்டான்.

“அம்மா, ஊரு என்ன சொல்லும்? பெத்த அப்பாவைப் பழப்பெட்டில வச்சு அனுப்புதான்னு காறித் துப்பாதா?”

“துப்பட்டும். அந்த மதிலோரத்துல உங்க தாத்தா தனியாக் கெடக்காரு பாரு, அது மாதிரி நான் கெடக்க மாட்டேன்.”

தூக்கியவர்கள் அடிப்பலகை பிய்ந்துவிடுமோ என்று பயந்து பயந்து நடந்தார்கள். பிய்யவில்லை. மேலே சிமெண்டு பூசவும் டீச்சர் விடவில்லை. மண்மேடுதான்.

தொண்ணூற்றெட்டில் ஐப்பசி மழை வெளுத்து வாங்கிய பிறகு, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிற சங்கிலிபூதத்தான் வீட்டு வாசலில் வந்து நின்றான். முகம் செத்துப்போயிருந்தது.

“டீச்சரம்மா, கோவிச்சுக்கிடாதீங்க. ஐயா குழி உள்வாங்கிட்டு. நான் நல்லாத்தான் மண்ணு தள்ளினேன்.”

குடையை எடுத்துக்கொண்டு டீச்சர் கூடவே போனார். மேடு இருந்த இடத்தில் ஓர் ஆள் நீளத்துக்குப் பள்ளம், அதில் மழைத்தண்ணீர். டீச்சர் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் கொட்டியது. சங்கிலி மிரண்டுபோனான்.

“பெட்டி போயிட்டு சங்கிலி! எனக்கு எடம் விட்டுட்டாரு.”