மூடிய தண்ணீர்க் குழாய்

ராஜபாளையத்தில் பஞ்சு அரைவை மில்லில் இஞ்சின் ஓட்டியவன் நான். இஞ்சின் நின்றால் அதைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாயை உடனே மூடிவிடுவோம். எங்கள் ஊர்க் கிணறுகளில் தண்ணீர் ஏது?

ஆலப்புழையில் அண்ணன் சாகக் கிடப்பதாகத் தந்தி வந்தது. கொல்லத்தில் நான் ஏறிய மோட்டார் படகு காயல் நடுவில் நின்றது. படகுக்காரரை ஒதுங்கச் சொல்லிவிட்டு, எண்ணெய்க் குழாயில் அடைப்பெடுத்து நானே ஓடவைத்தேன். பெருமை வேறு. கொஞ்ச நேரத்தில் இஞ்சின் சூடேறி இறுகிவிட்டது. பாழாய்ப்போன கைப்பழக்கத்தில் தண்ணீர்க் குழாயை மூடியவன், திறக்க மறந்திருந்தேன். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்!

வேறொரு படகு எங்களை இழுத்துக் கரைசேர்ப்பதற்குள் அண்ணனை அடக்கம் செய்துவிட்டார்கள்.

"அவிய உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாவ. ஏன் இம்புட்டு நேரம்?" என்றார் மதினி.

"படகு இஞ்சின் நின்னுபோச்சு மதினி."

அவர் படகுக்காரரை மண்ணை வாரித் தூற்றிச் சபித்தார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.