நாத்தனார் மடிப்பு

அக்கா கண்ணை மூடிக்கொண்டுதான் மடிப்பார். இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றிக்கொண்டு, உள்ளங்கை அளவுள்ள கைபேசித் திரையை மூடுவார், திறப்பார், மூடுவார். உதடுகள் எண்ணிக்கொண்டே இருக்கும். ஐம்பதுக்கு ஒருமுறை நிறுத்தி, வலது கட்டை விரலின் ஓரத்தால் மடிப்புக் கோட்டை மேலிருந்து கீழாக ஒரு தடவு தடவுவார். அந்தச் சமயத்தில் அறையில் ஒருவரும் தும்மக்கூட மாட்டோம். அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஆகவே இந்த அக்காவைப் பற்றி நான் எழுதுவதில் நடுநிலைமையை எதிர்பார்க்காதீர்கள். நாங்கள் வேலை செய்வது மடக்கும் கைபேசிகளுக்குத் திரை உருவாக்கும் ஆய்வுக்கூடத்தில். திரை என்றால் ஒரே தகடு என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நாலைந்து தலைமுடி கனத்துக்குள் ஏழெட்டு அடுக்குகள் இருக்கின்றன. மேலே மெல்லிய கண்ணாடி, நடுவில் ஒளிரும் படலம், அடியில் உலோகத் தாள். இவற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது பசை. மடக்கும்போது அடுக்குகள் கொஞ்சம் நழுவ வேண்டும், விரித்ததும் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். நழுவாவிட்டால் விரிசல், திரும்பாவிட்டால் நடுவில் கோடு. அந்தப் பசையைத் தயாரிப்பவள் நான். வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். அக்கா இங்கே வருவதற்கு முன் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் ஒட்டுகிறேன், அவர் பிரித்துக் காட்டுகிறார். ஒட்டுகிறவளிடம் விளக்கம் கேட்கிறார்கள். பிரிக்கிறவருக்குக் கைதட்டுகிறார்கள்.

மடிக்க இயந்திரம் இல்லையா என்றால், இருக்கிறது. பக்கத்து அறையில் ஓயாமல் இரண்டு லட்சம் தடவை மடிக்கும். ஒரே வேகம், ஒரே அழுத்தம். அதைப் பார்த்துவிட்டு, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அக்கா எங்கள் தலைவரிடம் சொன்னார்: "மிஷின் ரொம்ப நல்ல பிள்ளை சார். எங்க வீட்டுல ஒருத்தர்கூட அப்படி இல்ல." மனிதர்கள் இயந்திரம்போல ஒரே மாதிரி மடிக்கமாட்டார்கள் என்பது அதுவரை எங்கள் படிப்பாளிகள் யாருக்கும் தோன்றவில்லை. எனக்குந்தான்.

அப்படிப் பிறந்தவைதான் அவருடைய பன்னிரண்டு மடிப்புகள். எல்லாமே சொந்தக்காரர்கள். மாமியார் மடிப்பு என்றால் மெதுவாக, சந்தேகத்தோடு, பாதியில் நிறுத்தித் திறந்து பார்த்து மறுபடி மூடுவது. வீட்டுக்காரர் மடிப்பு, டிவியைப் பார்த்தபடி ஒற்றைக் கையால். சின்ன மகள் மடிப்பில் திரையைத் தப்பான பக்கம் வளைத்துப் பார்க்க வேண்டும். மச்சினர் மடிப்பு, விளையாட்டில் தோற்ற ஆத்திரத்தில் டப்பென்று. எல்லாவற்றிலும் பொல்லாதது நாத்தனார் மடிப்பு. ஒரு மூலையை மட்டும் நாசூக்காகப் பிடித்து, துளி முறுக்கி, சிரித்த முகத்தோடு மூட வேண்டும். "பாக்கறதுக்கு ஒண்ணுமே தெரியாது மேடம். உள்ள போய்த்தான் வேலைய காட்டும்" என்பார்.

விளையாட்டாகச் சொன்னவை ஒட்டிக்கொண்டன. 'நாத்தனார் மடிப்பு, நானூறு தடவை, தேர்ச்சி' என்று எங்கள் நிறுவனத்தின் அறிக்கைகளில் இப்போது அச்சாகி வருகிறது. என்னைப் பற்றி அதே அறிக்கையில், 'ஒட்டும் அடுக்கு, கலவை ஐந்து' என்று இருக்கும். அவ்வளவுதான். இதெல்லாம் உங்கள் நாத்தனாருக்குத் தெரியுமா என்று ஒருநாள் கேட்டேன். "தெரியாம என்ன? எங்கம்மாவுக்கு எத்தனை தடவை, எனக்கு எத்தனை தடவைன்னு கேட்டாங்க. மாமியாருக்கு முந்நூறுதான்னு சொன்னதும்தான் முகமே தெளிஞ்சுது" என்றார். அந்த நாத்தனார்மீது எனக்குத் திடீரென்று ஒரு பாசம் வந்தது.

அவர் வைத்திருப்பது பட்டன் போன். "மடிக்கத்தானே சம்பளம்? வீட்டுக்குப் போயும் அதையே செய்வாங்களா?" என்று கேட்பார். ஆனால் கை சும்மா இருக்காது. கேன்டீனில் கை துடைக்கும் தாள், பேருந்துச் சீட்டு, விடுப்பு விண்ணப்பம் என்று எது கிடைத்தாலும் நாலாக மடித்து, ஓரத்தை நகத்தால் நீவிவிடுவார். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பார். மதியம் வரை கையில் எண்ணெய் படவிடமாட்டார். வீட்டில் பாத்திரம் தேய்ப்பது கணவர். "என் கை கம்பெனி சொத்துன்னு சொல்லிட்டேன். பாவம், நம்பிட்டாரு" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். இதை நான் என் வீட்டில் சொன்னேன். என் கணவர் கொஞ்சம்கூட யோசிக்காமல், "அவங்க கை வேற, உன் கை வேற" என்றார். அலுவலகத்தில் குடும்ப விழா நடந்தபோது, என் அறையைப் பார்க்க வாருங்கள் என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் அக்காவோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்.

என் ஆறாவது கலவையின் கதையைச் சொன்னால்தான் என் எரிச்சல் உங்களுக்குப் புரியும். இயந்திரம் இரண்டு லட்சத்தையும் முடித்து, தேர்ச்சி என்று காட்டிவிட்டது. நான் இனிப்பு வாங்கி எல்லாருக்கும் கொடுத்தாகிவிட்டது. அக்காவும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நாத்தனார் மடிப்பில் முந்நூறோ என்னவோ ஆகியிருக்கும். நிறுத்தினார். "மேடம், உள்ள ஏதோ ஒண்ணு கோவிச்சுக்கிட்டு நிக்குது."

நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தோம். வலது மேல்மூலையில் கடுகில் பத்தில் ஒரு பங்கு இருக்கும், ஒரு குமிழி. பசை விட்டுக்கொடுத்திருந்தது. தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். அக்காவோ என்னைப் பார்த்து, "இனிப்பு நல்லா இருந்துச்சு மேடம்" என்றார். கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே சொன்னார்.

ஏழாவது கலவைக்கு எட்டு மாதம் ஆனது. இதற்கிடையில் எதிர் அறைக்காரர்களும் ஒரு பசையைத் தயாராக வைத்துவிட்டார்கள். தலைவர் இந்த முறை பூசி மெழுகவில்லை. "வெள்ளிக்கிழமை அக்கா கையில உங்க கலவை நின்னா, நம்ம திரைக்கு அதுதான். நிக்கலைன்னா திங்கள்ல இருந்து நீங்க எதிர் ரூம்ல அவங்களுக்கு உதவியா இருங்க." எதிர் அறைத் தலைவன் கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் இளையவன். அவனுக்கு நான் எடுபிடி.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சோதனை. அதற்கு முன் இரண்டு மணி நேரம் மாதிரித் திரை அறையின் குளிரிலேயே கிடக்க வேண்டும் என்பது விதி. சூடு பட்டால் பசை இளகும், அடுக்குகள் தாராளமாக நழுவும், கோடு விழாது. இதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தக் கட்டடத்திலேயே இல்லை. ஒன்பதரைக்கு, தடிமன் அளக்க வேண்டும் என்று சொல்லித் திரையை எடுத்துப் போனேன். அளக்கவில்லை. மேலங்கிக்குள், வயிற்றோடு ஒட்டிவைத்து, கழிப்பறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு நின்றேன். அவ்வளவு படித்தவள் செய்கிற காரியமா அது என்று கேட்காதீர்கள். படித்ததால்தான் அப்படிச் செய்யத் தெரிந்தது.

சரியாகப் பத்து மணிக்கு அக்காவின் கையில் கொடுத்தேன். கண்ணை மூடினார், உடனே திறந்துவிட்டார். திரையைத் திருப்பி, அதன் முதுகைத் தன் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. திரையில் என் வயிற்றுச் சூடு இன்னும் இருந்தது.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் தலைவர்.

"ஒரு கால் மணி நேரம் குடுங்க சார். கை சில்லுனு இருக்கு, விரல் மடங்க மாட்டேங்குது."

திரையை விரித்தபடி எஃகு மேசைமேல் வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் தேய்த்துவிட்டுக்கொண்டு, மகளின் பள்ளிப் பை மூன்று மாதத்தில் கிழிந்துபோனதைப் பற்றித் தலைவரிடம் பேச ஆரம்பித்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. காட்டிக்கொடுத்திருந்தால், காலம் முழுக்க அவரை வெறுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். பழியைத் தன் கைமேல் போட்டுக்கொண்டு எனக்கு அந்த வழியையும் அடைத்துவிட்டார். அந்தக் குணத்தின்மீதும் எனக்குப் பொறாமை வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

திரை ஆறியது. மாமியார் முடிந்தார், வீட்டுக்காரர் முடிந்தார், மச்சினர் இரண்டு தடவை டப்பென்று ஆத்திரப்பட்டு ஓய்ந்தார். சாப்பாட்டுக்குப் பிறகும் தொடர்ந்தது. மடிப்பு ஒவ்வொன்றாகத் தாண்டத் தாண்ட நான் மீதியை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு மேல் நாத்தனார் வந்தார். தலைவருக்கு ஏதோ அழைப்பு வர, போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அக்காவின் கட்டை விரல் கோட்டின் மேல் இறங்கி, நடுவில் நின்றது. மேலே போய் மறுபடி இறங்கி, அதே இடத்தில் நின்றது.

மேசைக்குக் குறுக்கே என் வலது கையை இழுத்து, கட்டை விரலைப் பிரித்து, அந்த இடத்தில் வைத்து லேசாக அழுத்தினார். "நீங்களே பாருங்க மேடம்." இத்தனை வருடத்தில் என் பசையின் கோட்டை நுண்ணோக்கியிலும் வரைபடத்திலும் பார்த்திருக்கிறேனே தவிர, தொட்டதில்லை. தலைமுடி ஒன்று உள்ளே படுத்திருப்பதுபோல மெலிசாக எழும்பியிருந்தது. எடுத்தேன், மறுபடி வைத்தேன். அங்கேயேதான் இருந்தது.

அக்கா சோதனைப் பதிவேட்டைத் திறந்து என் பக்கமாகத் திருப்பி வைத்தார். பன்னிரண்டு வரிசையில் பதினொன்றில் தேர்ச்சி என்று எழுதியிருந்தது. கடைசிக் கட்டம் காலி. பேனாவின் மூடியைக் கழற்றி என் விரல்களுக்கிடையில் செருகிவிட்டு, நாற்காலியைத் தள்ளி எழுந்து, தண்ணீர் குடிக்க வெளியே போனார்.